கொடுங்கோலனின் கடைநாள்கள்: திரை காட்டவேண்டிய உண்மை
(வள்ளூரில் ஆற்றிய உரை)

அனல்மின் உலைகளிலும் துறைமுகங்களிலும் உழைத்துத் திரும்பிய களைப்போடு இங்கு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே!

மொழியும் இனமும் நாடும் பற்றிப் பேசும் மேடையில் திரைப்படம் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதிலும், எங்கோ செருமனியில் 1945ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மாண்ட இட்லரின் கடைசி நாள்களைப் படமாக்குவது பற்றி எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே வாழும் நமக்கு என்ன கவலை என்றும் கேட்கக்கூடும். கவலை இருக்கின்றது. நம் இளைஞருள் சிலர் அவனை வீரன் என்கின்றனர். "நாடு திருந்த அவனைப் போல் ஒருவன் வேண்டும்" என்று தேநீர்க் கடையிலே பேசுகின்றனர். வரலாற்று நூலைப் படித்து அவர்கள் இம்முடிவுக்கு வரவில்லை. திரையும் பேச்சுவழக்கும் சேர்ந்து ஊட்டிய மயக்கம் அது. ஆகவே அம்மயக்கத்தைத் திரையின் வழியாகவே ஆராய்தல் வேண்டும்.

எம்டனும் இட்லரும்

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1914ஆம் ஆண்டு செப்தம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்திற்கு வந்து, பர்மா எண்ணெய்க் குழும்பின் கொள்கலன்களைச் சுட்டு எரித்தது. இந்த வடசென்னைக் கரையில்தான் அக்குண்டுகள் வீழ்ந்தன. உயிர்களும் மாய்ந்தன. ஆயினும் நம் மக்கள் அந்தப் பெயரை என்ன செய்தனர்? வல்லவனை, தந்திரக்காரனை, அடங்காதவனை 'அவன் ஓர் எம்டன்' என்று வியந்து சொல்லத் தொடங்கினர். சாவைக் கொணர்ந்த கப்பலின் பெயர், திறமையைப் பாராட்டும் சொல்லாயிற்று. 2006ஆம் ஆண்டில் கண்டிப்பான தந்தை ஒருவரைப் பற்றிய படத்திற்கு 'எம்டன் மகன்' என்றே முதலில் பெயரிட்டனர். தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற அரசாணை வந்தபின் அது 'எம் மகன்' ஆயிற்று. பெயரை மாற்றியது வரிவிலக்கே அன்றி வரலாற்று உணர்வு அன்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

இட்லர் பெயரும் அவ்வழியே வந்தது. 1982இல் சிவாசி கணேசன் நடித்த 'இட்லர் உமாநாத்', 1996இல் மலையாளத்தில் மம்முட்டி நடித்த 'இட்லர்', அண்மையில் 2024இல் தமிழில் வெளிவந்த 'இட்லர்' என்று அப்பெயர் திரைக்குப் பெயராகிக்கொண்டே இருக்கின்றது. கண்டிப்பான அண்ணன் இட்லர். கடுமையான மாமியார் இட்லர். விடுப்புத் தர மறுக்கும் மேலாளர் இட்லர். ஏறத்தாழ 60 இலக்கம் யூதர்களைக் கொன்றொழித்த ஓர் ஆட்சியின் தலைவன் பெயர், நம் நாட்டில் 'சற்றுக் கண்டிப்பானவர்' என்னும் பொருளுக்குச் சுருங்கிவிட்டது. சொல்லின் தூய்மை பற்றிக் கவலைப்படும் நாம், பொருளின் தூய்மை பற்றியும் கவலைப்பட வேண்டாவா? வேற்றுமொழிச் சொல் கலந்தால் மொழி கெடும் என்கிறோம். கொலைகாரன் பெயர் செல்லப்பெயரானால் அறமே கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நிலவறையில் நடந்தது

அக்கடைசி நாள்களில் நடந்தது என்ன? 1945 ஏப்பிரல் 16இல் உருசியப் படைகள் பெர்லின் நோக்கி இறுதித் தாக்குதலைத் தொடங்கின. 20ஆம் நாள் இட்லருக்கு 56ஆம் பிறந்த நாள். நிலத்துக்கு அடியில் கட்டிய கற்காரை அறைகளில் இருந்துகொண்டு, தாள்மேல் மட்டுமே இருந்த படைகளை அவன் நகர்த்திக்கொண்டிருந்தான். சுதைனர் என்னும் படைத்தலைவன் வந்து நகரைக் காப்பான் என்று நம்பினான். 22ஆம் நாள், அத்தாக்குதல் நடக்கவே இல்லை என்று அறிந்து, கூச்சலிட்டுக் குமுறி, போர் தோற்றது என்றான். அப்போதும் படைகளைச் சரணடைய விட்டானா? இல்லை. 29ஆம் நாள் ஈவா பிரவுனை மணந்தான். தன் இறுதி ஆவணத்தை எழுதுவித்தான். அவ்வாவணத்திலும் பழி முழுவதையும் யூதர்மேலேயே சுமத்தினான். மறுநாள் இருவரும் மாண்டனர். அடுத்த நாள் கோயபெல்சு இணையர் தம் பிள்ளைகள் அறுவரையும் நஞ்சூட்டிக் கொன்று தாமும் மடிந்தனர். மே 2ஆம் நாள் பெர்லின் பணிந்தது.

நிலவறைக்கு மேலே என்ன நடந்தது? மீசை முளைக்காத சிறுவர்கள் கையில் தகர்ப்புக் குழல்களோடு கவசவண்டிகளின் முன் நிறுத்தப்பட்டனர். போரிட மறுத்தோர் விளக்குக் கம்பங்களில் தூக்கிலிடப்பட்டனர். பெர்லினைப் பிடிக்கும் போரில் மட்டும் ஏறத்தாழ 80,000 சோவியத்து வீரர் மாண்டனர். வென்ற படையினராலும் எண்ணற்ற பெண்கள் சிதைக்கப்பட்டனர். இவற்றுக்கெல்லாம் முன்பே, மார்ச்சு 19ஆம் நாள், பாலங்கள், தொழிற்சாலைகள், மின்நிலையங்கள் அனைத்தையும் பகைவர்க்குக் கிட்டாவண்ணம் அழித்துவிடுமாறு இட்லர் ஆணையிட்டிருந்தான். மின்நிலையத்தின் புகைபோக்கியைக் கண்டு விடிகின்ற ஊர்க்காரர்களே, எண்ணிப் பாருங்கள்! போர் முடிந்தபின் செருமானியத் தொழிலாளி எதைக் கொண்டு பிழைப்பான் என்று அவனிடம் கேட்டபோது, தோற்ற மக்கள் வாழத் தகுதியற்றவர் என்னும் கருத்துப்பட அவன் விடையிறுத்ததை அவனுடைய அமைச்சர் ஆல்பெர்ட்டு சுபீர் எழுதிவைத்தார். தன் இனத்தை உலகின் தலைமேல் வைப்பேன் என்று வந்தவன், கடைசியில் தன் இனத்தையே சாவுக்குத் தகுதியானது என்று தள்ளினான். இனவெறி போய்ச் சேரும் இடம் அதுதான்.

நான்கு அளவுகோல்கள்

இந்நாள்களைத் திரை எவ்வாறு காட்டியது? ஒரு படம் உண்மையானதா என்று அறிய நான்கு அளவுகோல்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதல் அளவுகோல்: வென்றவனைக் கடவுளாக்காமை. 1950ஆம் ஆண்டில் 'பெர்லின் வீழ்ச்சி' என்ற சோவியத்துப் படம் வெளிவந்தது. அதன் முடிவில் சுடாலின் வெள்ளுடை அணிந்து வானூர்தியில் பெர்லினில் வந்திறங்குகின்றார். விடுதலை பெற்ற பல நாட்டு மக்கள் அவரைச் சூழ்ந்து வாழ்த்துகின்றனர். நடந்ததோ வேறு. பெர்லின் வீழ்ந்த நாளில் அவர் அங்கு வரவே இல்லை. ஒரு வல்லாட்சியாளனின் முடிவைக் காட்டவந்த படம் இன்னொரு வல்லாட்சியாளனுக்குக் கோயில் கட்டிற்று. 1956இல் குருசேவே அப்படத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்.

இரண்டாம் அளவுகோல்: கொடியவனை மாந்தனாகவே காட்டுதல். 2004ஆம் ஆண்டில் ஆலிவர் இர்சுபீகல் என்னும் இயக்குநர் 'வீழ்ச்சி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு செருமானியப் படம் எடுத்தார். இட்லராக நடித்த சுவிட்சர்லாந்து நடிகர் புரூனோ கான்சு, நடுக்கு நோயாளிகளைப் பார்த்துக் கை நடுக்கத்தைக் கற்றார். 1942இல் பின்லாந்தில் மறைவாகப் பதிவு செய்யப்பட்ட இட்லரின் இயல்பான பேச்சைக் கேட்டுக் குரலைக் கற்றார். அப்படத்தில் இட்லர் தன் செயலாளரிடம் கனிவாகப் பேசுகின்றான், நாயைத் தடவிக்கொடுக்கின்றான், உண்கின்றான், உடைகின்றான். "இக்கொடியவனுக்கு மாந்த முகம் தருவதா?" என்று பலர் சினந்தனர். அச்சினம் எனக்குப் புரிகின்றது. ஆயினும் நான் அப்படத்தின் பக்கமே நிற்பேன். ஏன்? அவனுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்துவிட்டால் அவனுக்குக் கீழ்ப்படிந்த பல இலக்கம் பேர் தப்பித்துவிடுவர். பேய்க்கு அஞ்சினோம் என்று சொல்லிவிடுவர். மாந்தன் என்று காட்டினால்தான், 'ஏன் கைகட்டி நின்றீர்கள்?' என்னும் கேள்வி அவர்கள்மேல் பாயும்.

இது நமக்குப் புதிதும் அன்று. நம் இளங்கோவடிகள் பாண்டியன் நெடுஞ்செழியனை அரக்கனாகப் பாடினாரா? ஆராயாமல் கொலைக்கு ஆணையிட்ட அரசன் அவன். அத்தவற்றை அடிகள் மறைக்கவில்லை. ஆனால் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்நொடியில், கள்வன் தானே என்று ஏற்று, அரியணையிலேயே அவன் உயிர்விட்டதையும் காட்டினார். தவறிய அரசனின் கடைசி நொடியை உள்ளபடியே காட்டும் கலை நம்மிடம் தொன்றுதொட்டு இருக்கின்றது. அக்காட்சியை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இட்லரின் சிறுமை விளங்கும். பாண்டியன் ஒருவனைக் கொன்றதற்குத் தன்னைப் பழித்து மாண்டான். இவனோ கோடிக்கணக்கானோரைக் கொன்று, பிறரைப் பழித்துக்கொண்டே மாண்டான்.

மூன்றாம் அளவுகோல்: அறைக்கு வெளியே கிடக்கும் பிணங்களை மறவாமை. இங்குதான் அந்தச் செருமானியப் படமும் சறுக்குகின்றது. கதை நிலவறைக்குள்ளேயே சுழல்வதால் நச்சுவளி அறைகளில் மாண்ட யூதர்கள் படத்தின் கண்ணுக்குள் வருவதில்லை. சோவியத்து ஒன்றியம் அப்போரில் இழந்த ஏறத்தாழ 2 கோடியே 70 இலக்கம் உயிர்களும் வருவதில்லை. அதில் நல்லவராக வரும் மருத்துவர் செங்கு என்பவர், மவுத்தாசன் கொடுஞ்சிறையில் அடைபட்டோர்மேல் நடந்த உணவு ஆய்வோடு தொடர்புடையவர். படம் அதைச் சொல்லவில்லை. செருமானிய இயக்குநர் விம் வெண்டர்சு இன்னொன்றைக் கேட்டார்: எத்தனையோ சாவுகளைக் காட்டும் படம், இட்லர் சாகும்போது மட்டும் கதவை மூடிக்கொள்வது ஏன்? முறையான கேள்வி. அடைத்த கதவுக்குப் பின்னால் மாண்டவனுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடுகின்றது.

நான்காம் அளவுகோல்: பொய்யாறுதல் தராமை. அப்படத்தின் இறுதியில் இட்லரின் செயலாளர் திரவுடல் யுங்கே ஒரு சிறுவனோடு மிதிவண்டியில் ஒளியை நோக்கிச் செல்கின்றார். அச்சிறுவன் புனைவு. உண்மையில் யுங்கே உருசியரிடம் சிறைப்பட்டார். ஆனால் அதன்பின் வரும் ஒரு காட்சியால் படம் தன்னைத் தானே மீட்டுக்கொள்கின்றது. முதுமையடைந்த உண்மையான யுங்கே அம்மையாரே தோன்றிப் பேசுகின்றார். இட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை வழங்கியதற்காக 1943 பிப்பிரவரியில் தலை வெட்டப்பட்ட சோபி சோல் என்னும் மாணவியின் நினைவுக் கல்லைக் கண்டபோதுதான், அவளும் ஏறத்தாழத் தன் வயதினளே என்று உணர்ந்ததாகவும், இளமை ஒரு சாக்காகாது, உண்மையை அறிந்திருக்க முடியும் என்று தெளிந்ததாகவும் சொல்கின்றார். போர்ப்படம் ஒன்று தரக்கூடிய முழு உண்மை அதுவே. ஒரே நாடு, ஒரே மொழி, ஏறத்தாழ ஒரே வயது. ஒருத்தி கொடியவனுக்குத் தட்டெழுதினாள். ஒருத்தி அவனை எதிர்த்துக் கழுத்தைக் கொடுத்தாள்.

இந்தியில் வந்த இட்லர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். இதே கடைநாள்களை இந்தியாவிலும் படமாக்கினர். இராகேசு இரஞ்சன் குமார் இயக்க, இரகுபீர் யாதவ் இட்லராக நடித்த இந்திப் படம் 2011 சூலையில் 'காந்தி முதல் இட்லர் வரை' என்னும் பொருள்படும் பெயரில் வெளிவந்தது. 1939 சூலையிலும் 1940 திசம்பரிலும் காந்தியடிகள் இட்லருக்கு எழுதிய இரு மடல்களை வைத்துப் பின்னிய கதை அது. அம்மடல்களை ஆங்கில அரசு போகவிடவில்லை. முதலில் அனுபம் கேர் இட்லராக நடிப்பதாக இருந்தது. 2010இல் இந்திய யூதர்கள் வருந்தி எதிர்த்ததால் அவர் விலகிக்கொண்டார்.

இந்தி பேசும் இட்லரைப் பார்த்து மக்கள் நகைத்தனர். நான் அதற்காக நகைக்கமாட்டேன். எந்த மொழியிலும் எந்தக் கதையையும் நடிக்கலாம். என் குறை வேறு. அப்படத்தைத் தொடங்கியபோது, இட்லர் இந்தியாமேல் கொண்டிருந்த அன்பையும் அது காட்டும் என்று செய்தித்தாள்கள் எழுதின. இந்தியா மேல் இட்லருக்கு அன்பா? தன் நூலில், இந்தியா வேறெவர் கையிலும் இருப்பதைவிட ஆங்கிலேயர் கையில் இருப்பதையே விரும்புவேன் என்று எழுதியவன் அவன். 1937 நவம்பரில் ஆங்கில அமைச்சர் ஆலிபாக்சு அவனைச் சந்தித்தபோது, காந்தியைச் சுட்டுத் தள்ளுங்கள், அது போதாவிடின் பேராயத் தலைவர்களையும் சுடுங்கள் என்று அறிவுரை கூறியவன் அவன்.

கடைநாள்களுக்கே வருகின்றேன். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர் சில ஆயிரவரைக் கொண்டு, நேதாசியின் முயற்சியால், செருமனியில் இந்தியப் படையணி ஒன்று அமைந்தது. நாட்டின் விடுதலைக்கென்றே அவ்வீரர் தோளில் துமுக்கி ஏந்தினர். 1945 மார்ச்சில், மாள்வதற்கு ஐந்து கிழமைகளுக்கு முன், தன் படைக் கலந்தாய்வில் இட்லர் அப்படையணியைப் பற்றி என்ன சொன்னான்? அது வெறும் நகைப்புக்குரிய படை. பேனைக்கூடக் கொல்லாமல் தம்மைக் கடிக்கவிடும் இந்தியர்கள் ஆங்கிலேயரையா கொல்லப்போகின்றார்கள் என்னும் கருத்தில் எள்ளி நகைத்தான். சுருக்கெழுத்தாளர் எடுத்த குறிப்பில் அது பதிந்துகிடக்கின்றது. இட்லரின் கடைநாள்களை ஓர் இந்தியர் படமாக்கினால் அதன் நடுக்காட்சி அதுவாகத்தான் இருக்கவேண்டும். தன்னை நம்பி வந்தவனையே இழித்து நகைத்தவனிடம் அன்பைத் தேடுவது மானமுள்ளவர் செயலா?

நம் பிணங்களைக் காட்டியவர் யார்?

செருமனிக்குத் துணைநின்ற சப்பானியர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் கட்டினர். மலேயாவின் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் அப்பாதையில் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். கழிச்சலும் காய்ச்சலும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. 1957இல் அப்பாதையைப் பற்றி உலகப் புகழ்பெற்ற 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் படம் வந்தது. இலங்கையிலே, கித்துல்கலையிலே, அதைப் படமாக்கினர். அது சொன்னதோ ஆங்கிலப் போர்ச்சிறையாளர் கதை. தமிழ்த் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. பிறர் எடுக்கும் படத்தில் நம் பிணத்துக்கு இடம் இராது, தோழர்களே! தம் பிணங்களை மறந்துவிட்டு, கொன்றவனின் கூட்டாளியை வீரன் என்று போற்றும் இளைஞன் தன் பாட்டன் கல்லறையின்மேல் நின்று கைதட்டுகின்றான்.

நமக்கே சொல்லிக்கொள்ளவேண்டியது

இறுதியாக ஒன்று. தாய்மொழித் தூய்மை பேசும் நம்மை மாற்றார் சிலர் இட்லரோடு ஒப்பிட்டு இகழ்வதுண்டு. அவர்களுக்கும் நமக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்கின்றேன். செருமனியில் 1885ஆம் ஆண்டிலேயே மொழித் தூய்மைக்கென ஒரு கழகம் இருந்தது. இட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் அக்கழகத்தார் மகிழ்ந்து கூத்தாடினர். தம்மைத் தாய்மொழியின் அதிரடிப்படை என்றே அழைத்துக்கொண்டனர். விளைந்தது என்ன? 1940 நவம்பரில், அயற்சொற்களுக்கு வலிந்து செருமானியச் சொல் ஆக்குவதைத் தான் விரும்பவில்லை என்று இட்லரே ஆணை பிறப்பித்தான். 1941 சனவரியில், செருமானியர் பல நூற்றாண்டாகப் போற்றிய மரபெழுத்தையே யூத எழுத்து என்று பழித்து விலக்கினான். வென்ற நாடுகளை ஆள அவனுக்குப் பொதுவெழுத்தும் பொதுச்சொல்லும் தேவைப்பட்டன. அவன் மொழியை விரும்பியவன் அல்லன், ஆட்சியை விரும்பியவன்.

இதில் மாற்றார்க்குரிய விடை இருக்கின்றது. நமக்குரிய எச்சரிக்கை அதைவிடப் பெரிதாக இருக்கின்றது. மொழிப்பற்று தன்னை ஒரு வல்லாட்சியாளன் காலடியில் வைத்தால் மொழியும் வாழாது, பற்றும் வாழாது. தன் தாயை விரும்புபவன் பிறன் தாயை இழித்துரையான். தன் மொழி வாழவேண்டும் என்பது உரிமை. பிறன் சாகவேண்டும் என்பது வெறி. முதலாவது, திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாகப் பயின்ற நம் வழி. இரண்டாவது, ஆரியன் என்று தன்னை உயர்த்திக்கொண்டு பிறரைக் கொன்றவனின் வழி. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் எக்கொள்கையையும் எதிர்க்கும் நாம், அக்கொள்கையின் கொடிய வடிவத்துக்குத் தலைவனாக நின்றவனை எவ்வாறு போற்றமுடியும்?

சார்லி சாப்ளின் 1940ஆம் ஆண்டிலேயே இட்லரை எள்ளி ஒரு படம் எடுத்தார். பிற்காலத்தில் தம் வரலாற்றில், கொடுஞ்சிறைகளின் உண்மை அப்போது தெரிந்திருந்தால் அவ்வாறு நகைத்திருக்க முடியாது என்று எழுதினார். அறியாமையால் நகைத்தவர் அறிந்தபின் வருந்தினார். நாமோ அனைத்தும் அறிந்த காலத்தில் வாழ்கின்றோம். நமக்கு அச்சாக்கும் இல்லை.

எனவே, படம் எடுக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இட்லர் பெயரைக் கண்டிப்புக்கும் நகைப்புக்கும் விளம்பரத்துக்கும் எடுத்தாளாதீர்கள். போர் பற்றிப் படம் எடுக்க விரும்பினால் சயாம் பாதையில் மாண்ட தமிழனிடமிருந்து தொடங்குங்கள். படம் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தத் தலைவனின் கதையைப் பார்த்தாலும், திரையில் அவனைப் பார்ப்பதோடு நில்லாமல், அவன் அருகில் கைகட்டி நிற்பவர்களையும் பாருங்கள். அவர்கள் வாய்திறந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று எண்ணுங்கள். பிறகு உங்கள் ஊரில், உங்கள் தொழிற்சாலையில், உங்கள் கட்சியில், நம் இயக்கத்திலேகூட, எவரேனும் கேள்வி கேட்கக்கூடாத தலைவராக உயர்வதைக் கண்டால், அன்றே, அப்போதே வாய்திறவுங்கள்.

தமிழ் வாழ்க! மாந்தநேயம் ஓங்குக!